சிவப்பில் வந்த பெயர்கள்

விடிந்தும் விடியாத நேரம். கம்பத்தில் எங்கள் தெருமுனையில் என் கணவரின் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி. இஸ்திரி போட்ட சுடிதாரும் தோளில் லேப்டாப் பையுமாக ஏறியது நான் மட்டும்தான்.

"ஏத்தா செல்வி, நீயும் காய் எடுக்கக் கெளம்பிட்டியா?" என்றார் பேச்சியக்கா. ஜீப்பே சிரித்தது.

பேச்சியக்கா பல வருடங்களாக என் கணவரின் ஜீப்பில் மலையேறுகிறவர். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் இருக்கும் இடம் அவருடையது. வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள்.

"இல்லக்கா, மேல ஒரு ஆஸ்பத்திரியில வேலை" என்று ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன்.

"அட, செவப்பு டிவி ஆஸ்பத்திரியா!"

"அதென்னக்கா செவப்பு டிவி?"

"அங்கன போய் நீயே பாரு. நர்சுப் பிள்ளைக பேரெல்லாம் டிவியில ஓடும். செவப்பா வந்துருச்சுன்னா, அந்தப் பிள்ளைய ஆளாளுக்கு வைவாக. எங்க கங்காணி சம்சாரம் படுத்திருந்தப்ப நானே பாத்தேன். பாவமா இருக்கும்."

ஜீப் கிளம்பியது. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள் இன்னும் இருட்டாகவே இருந்தன. கம்பம்மெட்டு ஏற்றம் தொடங்கியதும் குளிர்ந்த காற்று தார்ப்பாயின் ஓரத்தைப் படபடவென்று அடித்தது. பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்கு மட்டும் அந்தச் சிவப்பு டிவி மனதை விட்டுப் போகவில்லை. அந்த டிவியில் ஓடுவது எங்கள் நிறுவனம் செய்து கொடுத்த மென்பொருள்.

எதற்காக மலையேறினேன்

சின்ன மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு நிறுவனத்தின் தேனிக் கிளையில் எனக்கு வேலை. மென்பொருளை எழுதுகிறவர்கள் வேறு. அதை வாங்கியவர்கள் "ஓடவில்லை", "புரியவில்லை" என்று கூப்பிடும்போது பேசுகிறவள் நான்.

இடுக்கிப் பக்கத்து மலை மருத்துவமனைதான் எங்கள் கிளைக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர். மருத்துவர் கணினியில் மருந்து எழுதுவார். செவிலியர் அதைப் பார்த்து 'ஏற்றுக்கொண்டேன்' என்று பதிவு செய்து, மருந்தைக் கொடுத்து, 'கொடுத்தாயிற்று' என்று முடிக்க வேண்டும். முதல் வாரங்களில் நன்றாகத்தான் நடந்தது. பிறகு பதிவுகள் வற்றிப்போயின. மருந்து என்னவோ நோயாளிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. கணினியில் மட்டும் எதுவும் இல்லை.

மென்பொருள் சரியில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. எங்கள் பொறியாளர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஒரு குறையும் அகப்படவில்லை. இந்த மருத்துவமனை கைவிட்டுப் போனால் தேனிக் கிளையை மூடிவிட்டு எல்லோரையும் சென்னைக்கு வரச் சொல்வார்கள் என்ற பேச்சு அலுவலகத்தில் எழுந்தது. சென்னையில் இருக்கும் மேலாளரும் அதை மறுக்கவில்லை.

"நர்சுகளுக்கு இன்னொரு தடவை ட்ரெயினிங் குடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார். அலுவலகக் கார் கிடைக்கவில்லை. எங்கள் ஜீப்தான் தினமும் அந்த வழியாகப் போகிறதே என்று கிளம்பிவிட்டேன்.

கிளம்பும்போது என் மகன் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்போது அவனுக்கு இரண்டு வயது இருக்கும். பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனார் வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

கைப்பேசிக் கடை

நான் பொறியியல் படித்தவள் இல்லை. பி.ஏ. பொருளாதாரம். கல்யாணத்துக்கு முன்னால் கம்பம் கடைவீதியில் ஒரு கைப்பேசிக் கடையில் நின்றேன். இந்தத் துறையில் எனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் அந்தக் கடையைத்தான் சொல்வேன்.

ஒருமுறை வாழைத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். கைப்பேசியை ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "மணி அடிக்க மாட்டேங்குதும்மா" என்றார். வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடை எண்ணிலிருந்து கூப்பிட்டேன். கணீரென்று அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"அடிக்கத்தான் செய்யுது" என்றார் மெதுவாக.

"யாரும் கூப்புடுறதா இருக்காகளாய்யா?"

"மகன் துபாய்ல இருக்கான்."

அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். மகனின் பெயர், வேலை, பேத்தி என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவனுக்கு எப்படிக் குரல் பதிந்து அனுப்புவது என்று காட்டிக் கொடுத்தேன். "அப்பா பேசுறேன்யா" என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. அதையே அனுப்பினோம். சாயங்காலம் மறுபடி வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மகன் பிறந்து சில மாதங்கள் கழித்து தேனியில் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பொறியாளர்கள். ஒரு மென்பொருள் ஓடவில்லை என்று கோபமாக ஒருவர் கூப்பிட்டால் முதலில் என்ன கேட்பீர்கள் என்று கேட்டார்கள். "எப்போதிலிருந்து கோபமாக இருக்கிறீர்கள் என்று கேட்பேன்" என்றேன். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை கிடைத்தது.

கிடைத்ததே தவிர, அது ஒரு வேலை என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "பொழுதன்னைக்கும் போன்ல பேசிக்கிட்டே இருக்கா. இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாக" என்பார் என் நாத்தனார். அலுவலகத்தில் கார்த்திக்கும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான். அவன் போடிக் கடைவீதிக் குடும்பத்துப் பையன். எங்கள் கிளையின் கெட்டிக்காரப் பொறியாளன். "அக்கா, நீங்க பேசி முடிங்க. நான் வேலையைப் பாக்குறேன்" என்பான். கேலி பாதி, நிஜம் பாதி.

சோற்று நேரம்

மருத்துவமனையில் நுழைந்ததும் நான் பயிற்சி அறைக்குப் போகவில்லை. நோயாளிகளின் உறவினர்கள் உட்காரும் நடையில் போய் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் பெரிய டிவி. கணினியில் 'ஏற்றுக்கொண்டேன்' என்று பதிந்த செவிலியர்களின் பெயர்கள் அதில் வார்டு வாரியாக ஓடின. குறித்த நேரத்துக்குள் மருந்து போனால் பச்சை. தாண்டினால் சிவப்பு.

அன்று ஒரே ஒரு பெயர்தான் சிவப்பில் இருந்தது. நடையில் இருந்த ஒருவர் எழுந்து போய், அந்தப் பக்கம் வந்த சின்னப் பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார்.

"நீதானா அது? எங்கம்மாவுக்கு மருந்து குடுக்காம எங்க போயிச் சுத்திட்டு வர்ற?"

அந்தப் பெண்ணின் கையில் இரத்தக்கறை படிந்த பஞ்சு இருந்தது. அடுத்த வார்டில் வழுக்கி விழுந்த ஒருவருக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருகிறாள். பதில் சொல்ல வாயெடுத்தாள். உதடு நடுங்கியது. அப்படியே உள்ளே போய்விட்டாள்.

பயிற்சியில் செவிலியர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தலைமைச் செவிலியர் லில்லி சிஸ்டர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் டாக்டரின் அறையில் எனக்குச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. எனக்குச் செவிலியர்களோடு சாப்பிட ஆசை என்று சொல்லிவிட்டு அவர்கள் அறைக்குப் போனேன். என் தூக்கில் புளிச்சோறும் வறுத்த கருவாடும் இருந்தன. கருவாட்டு வாசனைக்கு முகங்கள் கொஞ்சம் இளகின.

"மோளே, வீட்டில குட்டியை ஆரு பாக்குது?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார் லில்லி சிஸ்டர்.

காலையில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடாத மகனைப் பற்றிச் சொன்னேன். எங்கள் கிளையை மூடிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறோம் என்பதையும் சொன்னேன். அவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து லில்லி சிஸ்டரே பேசினார். "எழுதினா சிவப்பு வரும். எழுதலைன்னா சிவப்பு இல்ல. அவ்வளவுதான் மோளே."

காலையில் திட்டு வாங்கிய பெண் புதிதாகச் சேர்ந்தவள். மற்றவர்கள் எல்லோரும் பழையபடி காகிதத்தில் எழுதி மருந்து கொடுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் விவரம் தெரியாமல் கணினியில் பதிந்துகொண்டிருந்தாள்.

"டாக்டர்ட்ட சொல்லலையா சிஸ்டர்?"

"அந்த டிவி அவரோட ஆசை. அவரோட முகத்தைப் பாத்து ஆரு சொல்லும்?"

டாக்டரின் அறை

மருத்துவமனையை நடத்துகிறவரை இங்கே டாக்டர் என்று மட்டும் சொல்கிறேன். மதுரையில் படித்தவர். நல்ல தமிழ் பேசுவார். நான் போனபோது மேசையை ஒதுக்கி எனக்குத் தேநீர் ஊற்றினார்.

"டிவி வைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு டாக்டர்?" என்றுதான் தொடங்கினேன்.

அவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். அவருடைய அப்பா வேறொரு ஊர் மருத்துவமனையில் இருந்தபோது, வலிக்கு மருந்து கேட்டு இவர் நடையில் நின்றாராம். யாரிடம் கேட்டாலும் "இப்ப வரும்" என்பார்களாம். எப்போது வரும், யார் கொண்டுவருவார் என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. "என் ஆஸ்பத்திரியில யாரும் அப்படி நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. அதனாலேயே அடுத்ததைச் சொல்வது கடினமாக இருந்தது.

"டாக்டர், நடையில நிக்கிறவங்க இப்ப மருந்தைத் தேடல. சிவப்புல யார் பேரு இருக்குன்னு தேடுறாங்க. அதுக்குப் பயந்து பதிவே போடாம விட்டுட்டாங்க. மென்பொருள்ல கோளாறு இல்ல. பேரை எடுத்துட்டா சரியாயிரும்."

அவர் முகம் மாறியது. "யார் சொன்னது?"

"அதை நான் சொல்ல முடியாது டாக்டர்."

"என் ஸ்டாஃப் என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியக் கூடாதா?"

"அவங்க என்னை நம்பிச் சாப்பாட்டு நேரத்துல பேசினது. பேரு மட்டும் கேக்காதீங்க."

எழுந்துவிட்டார். "நீங்க வந்தது ட்ரெயினிங் குடுக்க. உங்க கம்பெனியோட நான் பேசிக்கிறேன்."

தேநீர் பாதியில் இருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரும்பும்போது ஜீப்பில் ஏலக்காய் வாசனையும் ஈரத்துணி வாசனையும் கலந்து அடித்தன. பேச்சியக்கா என் முகத்தைப் பார்த்தார். வெற்றிலையில் பாதியைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

மெட்ராசில் மலை இருக்கிறதா?

மறுநாள் மேலாளர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். "வாடிக்கையாளர்கிட்டப் போய் அவர் மேலயே குத்தம் சொல்லிட்டு வந்திருக்கீங்க. இதுதான் நீங்க பேசுற லட்சணமா?" நான் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். ஆனால் குரல் தணியவில்லை. கிளையின் கதி வார இறுதியில் தெரியும் என்று வைத்துவிட்டார்.

கார்த்திக்குக்கு என்மேல் பெரிய வருத்தம். அந்தத் திரையை ராப்பகலாக உட்கார்ந்து செய்தவன் அவன்.

"டாக்டர் கேட்டதைத்தான்க்கா செஞ்சேன். இப்ப என் ஸ்கிரீன்தான் பிரச்சனைங்கிறீங்க."

"அவரு கேட்டது மருந்து எப்ப வரும்னு தெரியணும்னு கார்த்தி. அது உன் ஸ்கிரீன்ல இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதுகூட ஒரு பேரும் சேந்து வந்துருச்சு, அவ்வளவுதான்."

அந்தச் சின்ன நர்ஸின் நடுங்கிய உதட்டைப் பற்றியும் சொன்னேன். கார்த்திக் பேனா மூடியைக் கடித்தான். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடங்கினான். மதியத்துக்குள் புதிய திரை ஒன்று தயாரானது. பெயர்கள் இல்லை. படுக்கை எண், அதன் எதிரே தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி: 'மருந்து தயாராகிறது', 'எடுத்து வருகிறோம்', 'கொடுத்தாயிற்று'. தாமதமானால் தலைமைச் செவிலியரின் கணினிக்கு மட்டும் தகவல் போகும், உடனே வேறு ஒருவரை அனுப்புவதற்கு. யாரும் கேட்காமல் செய்தது. கேட்பார்களா என்றும் தெரியாது.

வீட்டில் பேச்சு ஏற்கனவே பரவியிருந்தது. "வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டு வந்துருக்கா" என்றார் நாத்தனார். ஆனாலும் அன்று அவரே என் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. பாடப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நாம மெட்ராசுக்குப் போகப் போறமா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜீப்பின் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கன போய் நான் என்ன செய்ய? மெட்ராஸ்ல ஜீப் ஓட்ட மலையா இருக்கு?" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு சிரிப்பு நின்றது. "நீ வேலைய விட்டுறாத. போகணும்னா நீ போ. புள்ளைகள நான் பாத்துக்கிறேன்."

அவர் அதை நிஜமாகவே சொன்னார். அதுதான் என்னை அழவைத்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

வார இறுதிக்கு முன்னால் டாக்டர் கூப்பிட்டார். மேலாளரை அல்ல, என்னை. நான் சின்னமனூர் தாண்டி பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்க யார் பேரையும் சொல்லல" என்றார். "லில்லி சிஸ்டர் எல்லாரையும் கூட்டிக்கிட்டு என் ரூமுக்கு வந்தாங்க. கம்பெனியிலருந்து வந்த பொண்ணு எங்களுக்காக வம்புல மாட்டக் கூடாதுன்னு சொன்னாங்க. இத்தனை வருசத்துல அவங்க என் முன்னால குரலை உயர்த்தினதே இல்ல."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அன்னைக்கு மத்தியானம் கோட்டைக் கழட்டி வச்சிட்டு அந்த நடையில போய் உக்காந்தேன். நீங்க சொன்னது சரி. பேரை எடுத்துட்டா ஸ்கிரீன்ல என்ன இருக்கும்?"

"ஏற்கனவே செஞ்சு வச்சிருக்கோம் டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குப் பேருந்தின் ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வளைவில் நின்ற ஜீப்

புதிய திரையை ஓடவிட நானும் கார்த்திக்கும் சேர்ந்தே போனோம். ஜீப்பின் பின்பக்கத்தில் பேச்சியக்காவுக்கும் ஒரு சாக்கு மூட்டைக்கும் நடுவே அவன் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டு வந்தான். மருத்துவமனை நடையில் ஒரு முதியவர் திரையைப் படித்து, உள்ளே படுத்திருந்த மனைவிக்கு எட்டும்படி, "எடுத்துட்டு வர்றாகளாம்" என்று குரல் கொடுத்தார். கார்த்திக் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. உச்சி வெயில் வந்தபோது பதிவுகள் மளமளவென்று ஏறத் தொடங்கியிருந்தன. லில்லி சிஸ்டர் என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

சாயங்காலம் இறங்கும்போது, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பச்சையாக விரிந்து தெரியும் ஒரு வளைவில் கைப்பேசி அடித்தது. மேலாளர். பாதி வார்த்தை விட்டு விட்டுக் கேட்டது. அந்த வளைவைத் தாண்டினால் சிக்னல் அறவே போய்விடும்.

"என்னங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

என் கணவர் ஓரமாக நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். பின்னால் யாரோ யாருடைய மருமகளைப் பற்றியோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஏய், சத்தம் போடாதீக. புள்ள ஆபீஸ்ல பேசுறா" என்றார் பேச்சியக்கா. நாள் முழுக்கக் காய் எடுத்துக் களைத்து வீடு திரும்பும் அத்தனை பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். வளையல் சத்தம்கூட இல்லை.

தேனிக் கிளை தேனியிலேயே இருக்கும் என்றார் மேலாளர். எல்லா மருத்துவமனைகளின் பொறுப்பையும் நான் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்குச் சென்னைக்கு வர முடியுமா என்று கேட்டார்.

"பொறுப்பை எடுத்துக்கிறேன் சார். சென்னைக்கு வரமாட்டேன். தேனியிலிருந்தே பாக்குறேன். எங்க போகணுமோ அங்க நேர்ல போயிட்டு வருவேன்."

ஏதோ பறவை ஒன்று பள்ளத்தில் கூவியது. பிறகு அவர், "சரி, அப்படியே பாருங்க" என்றார்.

கைப்பேசியை இறக்கினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னத்தா, ஆச்சா?"

"ஆச்சுக்கா. இனிமே விடியக்காலையிலயே தேனிக்குப் போகணும். வெளியூரும் போகணும்."

என் கணவர் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி யோசித்தார். "அப்ப கால ட்ரிப்ப சின்னச்சாமிட்ட விட்டுர்றேன். புள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, நான் சாயங்கால ட்ரிப்புக்கு வர்றேன்."

அதுவரை அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பியது. "யாரு, சின்னச்சாமியா? அவென் ஓட்டுனா மெட்டு ஏறுறதுக்குள்ள குடலு வாய்க்கு வந்துரும்யா!" "எங்களக் கொல்லப் பாக்குறியா ராசு?"

"பழகிக்கங்க" என்றார் என் கணவர், எஞ்சினை முடுக்கிக்கொண்டே.